பெரியவர்கள் கணக்கில் தானாகக் கழியும் சந்தாப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்ஷன் ஏறிய இரண்டாம் நாள் 299, 399, 499 என்று ஏதோ ஒரு தொகை கழிந்திருக்கும். யாருக்குப் போனது, எதற்குப் போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்தியாவில் இந்தச் சந்தாப் பணம் யூபிஐ, வங்கிக் கணக்கு, கார்டு, செல்போன் ரீசார்ஜ் என்று நாலு வாசல் வழியாகப் போகிறது. பெரியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறோம்.

அப்பா ஒரு ரூபாய்தான் கட்டினேன்னு சத்தியம் பண்றார். மாசாமாசம் 399 எப்படிப் போகுது?

அப்பா சொல்வது உண்மை. அவர் கட்டியது ஒரு ரூபாய்தான். ஆனால் அந்த ஒரு ரூபாய்க்குப் போட்ட பின் நம்பர், இனி வரப்போகும் எல்லா மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்த அனுமதியாகிவிட்டது. ஜாதகம், பக்திப் பாடல், துண்டு துண்டாக வரும் சீரியல், ஆங்கிலப் பயிற்சி, கிரெடிட் ஸ்கோர் பார்ப்பது என்று பல செயலிகள் இப்படித்தான் ஆள் சேர்க்கின்றன. ‘1 ரூபாயில் தொடங்குங்கள்’ என்ற பொத்தான் திரையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். ‘3 நாளுக்குப் பிறகு மாதம் 399’ என்பது அதன் கீழே சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்வது போல இருக்கும்.

பொத்தானை அழுத்தியதும் யூபிஐ செயலி திறக்கும். சாதாரணமாகப் பணம் அனுப்பும் திரையில் தொகையும் பெயரும் மட்டும் இருக்கும். இந்தத் திரையில் கூடுதலாக ‘ஆட்டோபே’ என்ற சொல், ‘இத்தனை ரூபாய் வரை’ என்ற உச்சவரம்பு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, முடியும் தேதி ஆகியவை இருக்கும். உச்சவரம்பு பெரும்பாலும் சந்தாவை விடப் பெரியது. முடியும் தேதி இருபது, முப்பது வருடம் தள்ளிக்கூட இருக்கலாம். ‘எத்தனை நாளுக்கு ஒருமுறை’ என்ற இடத்தில் ‘ஆஸ் பிரசென்டட்’ என்று இருந்தால், நிறுவனம் எப்போது கேட்கிறதோ அப்போது கழியும் என்று பொருள். பின் போட்டால் இப்போது மட்டும் பணம் போகும் என்று பழகிய கண்ணுக்கு இதெல்லாம் படாது.

2014-ல் இபிஎஸ் எனும் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதை மட்டும் வாங்குகிற ஒருவருக்கு 399 என்பது ஐந்தில் இரண்டு பங்கு.

பின் நம்பர், ஓடிபி எதுவும் கேட்காமலே எடுக்கறாங்களே, இது சட்டப்படி சரியா?

முதல் தடவை பின்னோ ஓடிபியோ வாங்கியிருந்தால் சரி. ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் கார்டுகளுக்கு இந்த ஏற்பாட்டை அனுமதித்தது. 2020 ஜனவரியில் யூபிஐக்கும் நீட்டித்தது. ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமல் எடுக்கும் வரம்பு முதலில் 2,000 ரூபாயாக இருந்தது. பிறகு 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது. மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டு பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு மட்டும் 2023 டிசம்பரிலிருந்து 1 லட்சம்.

இதற்கு ஈடாக வங்கிகளுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, யாருக்கு, எவ்வளவு, என்றைக்கு, எதற்காக என்று தகவல் அனுப்ப வேண்டும். அந்த ஒரு தவணையையோ முழு அனுமதியையோ வேண்டாம் என்று சொல்ல வாடிக்கையாளருக்கு வழி தர வேண்டும். இந்த வசதிக்காக அவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஃபாஸ்டேக் தானாக நிரம்புவதற்கு முன்தகவல் தேவையில்லை என்று 2024-ல் விலக்கு கொடுத்தார்கள்.

24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரணும்னு சொல்றீங்க. எங்களுக்கு ஒண்ணுமே வரலையே?

முக்கால்வாசி நேரம் வந்திருக்கும், கண்ணில் பட்டிருக்காது. வங்கியில் பதிவான நம்பர் பழையதாகவோ வெளியூரில் இருக்கும் மகனுடையதாகவோ இருக்கும். அல்லது தகவல் எஸ்எம்எஸ்ஸாக வராமல் யூபிஐ செயலியின் நோட்டிஃபிகேஷனாக வந்து, காலை வணக்கப் படங்களோடு சேர்த்து ஒரே தள்ளில் துடைக்கப்பட்டிருக்கும். வந்தாலும் ஆங்கிலத்தில்தான் வரும். அதில் செயலியின் பெயருக்குப் பதில் அதை நடத்தும் கம்பெனியின் பெயரோ, பணம் வசூலித்துத் தரும் இடைநிறுவனத்தின் பெயரோ இருக்கும்.

உண்மையிலேயே வரவில்லை என்றால் அது உங்கள் கையில் உள்ள நல்ல ஆயுதம். ‘இந்தத் தேதி கழிந்த பணத்துக்கு முன்தகவல் எந்த நம்பருக்கு, எந்த நேரத்தில் அனுப்பினீர்கள்?’ என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் ‘சிஸ்டம் அனுப்பியிருக்கும்’ என்ற பதிலோடு முடிந்துவிடும்.

பாஸ்புக்ல ஏதோ ஏசிஎச்னு போட்டிருக்கு, யூபிஐன்னு போட்டிருக்கு. எது என்னன்னு எப்படிப் பார்க்கறது?

‘யூபிஐ’ என்று தொடங்கி நடுவில் ‘மேண்டேட்’ (பணம் எடுக்கக் கொடுத்த அனுமதி) அல்லது ‘ஆட்டோபே’ என்று வந்தால் முதல் கேள்வியில் சொன்ன வகை. ‘ஏசிஎச் டி’ அல்லது ‘நாச்’ என்றால் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகப் பதிந்த அனுமதி. கடன் தவணை, காப்பீடு, சீட்டு போன்றவை பெரும்பாலும் இப்படிப் போகும். ‘எஸ்ஐ’ என்பது வங்கிக்கோ கார்டுக்கோ கொடுத்த நிலையான உத்தரவு. ‘பிஎம்ஜேஜேபிஒய்’, ‘பிஎம்எஸ்பிஒய்’ என்றால் பிரதமர் பெயரிலான காப்பீடுகள். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

பாஸ்புக் வரியில் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அதை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தேதியையும் தொகையையும் குறித்துக்கொண்டு யூபிஐ செயலியின் வரவு செலவுப் பட்டியலில் அதே தேதியைத் திறந்தால் முழுப் பெயரும் பரிவர்த்தனை எண்ணும் கிடைக்கும்.

எந்த ஆப்புக்குப் போகுதுன்னே தெரியலை. எங்கிருந்து தேட ஆரம்பிக்கறது?

யூபிஐ செயலியில் தொடங்குங்கள். முகப்பில் உங்கள் படமோ பெயரின் முதல் எழுத்தோ இருக்கும் வட்டத்தைத் தொட்டால் வரும் பக்கத்தில் ‘ஆட்டோபே’ என்று இருக்கும். சில செயலிகளில் ‘ஆட்டோமேட்டிக் பேமெண்ட்ஸ்’ என்று இருக்கும். உள்ளே நடப்பில் உள்ளவை, நிறுத்தப்பட்டவை எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒருவர் போனிலேயே இரண்டு மூன்று யூபிஐ செயலிகள் இருக்கும். எதன் வழியாக அனுமதி கொடுத்தாரோ அதில்தான் அது தெரியும் என்பது பழைய நிலை. எல்லா ஆட்டோபேயையும் எந்தச் செயலியிலும் பார்க்க வழி செய்யும்படி, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அப்படியிருந்தாலும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

அங்கே இல்லையென்றால் பிளே ஸ்டோரில் படத்தைத் தொட்டு ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் மேலே உள்ள பெயரைத் தொட்டு ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’. அடுத்து நெட்பேங்கிங்கில் ‘இ-மேண்டேட்’ பகுதி. நெட்பேங்கிங் இல்லாதவர்கள் கிளையில் ‘என் கணக்கில் நடப்பில் உள்ள எல்லா மேண்டேட்டுகளின் பட்டியல் வேண்டும்’ என்று எழுதிக் கொடுக்கலாம்.

பட்டியலில் ‘யூபிஐ லைட்’ என்று ஒன்று இருந்தால் பதற வேண்டாம். சின்னச் செலவுக்கான பையில் பணம் தீர்ந்ததும் தானாக நிரப்பும் ஏற்பாடு அது. பணம் உங்கள் போனுக்குள்தான் இருக்கும்.

ஆப்பை டெலீட் பண்ணிட்டேன். இனி போகாதுல்ல?

போகும். செயலி போனில் இருக்கிறது, அனுமதி வங்கியில் இருக்கிறது. டெலீட் செய்வதில் உள்ள நஷ்டம், ரத்து செய்யும் பொத்தானும் ரசீதும் அதோடு போய்விடுவதுதான். யூபிஐ பின்னை மாற்றினாலும் ஆட்டோபே நிற்காது. ஏடிஎம் கார்டை பிளாக் செய்தாலும் யூபிஐ வழியாகக் கொடுத்த அனுமதி நிற்காது, அது கணக்கோடு கட்டியது.

சரி, நிறுத்தறது எப்படி? வரிசையா சொல்லுங்க.

முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகுதான் ரத்து. ஆட்டோபே பட்டியலில் அந்த வரியைத் திறந்து, நிறுவனத்தின் பெயர், யூபிஐ முகவரி, தொடங்கிய தேதி, உச்சவரம்பு, ‘யூஎம்என்’ என்ற நீளமான மேண்டேட் எண் எல்லாம் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் புகார் கொடுக்கும்போது இதுதான் உங்கள் பத்திரம்.

பிறகு அதே பக்கத்தின் அடியில் ‘பாஸ்’, ‘கேன்சல்’ அல்லது ‘ரிவோக்’ என்று இருக்கும். ‘பாஸ்’ என்பது தற்காலிக நிறுத்தம் மட்டும். சில செயலிகளில் அது பெரிதாகவும் ரத்து சிறிதாகவும் இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது. ரத்தை அழுத்தினால் பின் கேட்கும். இங்கே பலர் பயந்து வெளியே வந்துவிடுகிறார்கள். ரத்து செய்யவும் பின் தேவைதான்; ஆனால் போடும் முன் திரையில் ரத்து என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். முடிந்ததும் பட்டியலில் நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள், அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்ஸும் வரும்.

அதன்பின் அந்தச் செயலிக்குள் போய் அங்கேயும் சந்தாவை ரத்து செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். செயலிக்குள் முதலில் போனால் ‘ஏன் போகிறீர்கள்’, ‘பாதி விலைக்குத் தருகிறோம்’, ‘சலுகையை இழக்கிறீர்கள்’ என்று நாலு பக்கம் சுற்றவிட்டு, கடைசிப் பக்கத்தில் ‘தொடர்கிறேன்’ என்பதை நீல நிறத்தில் வைத்திருப்பார்கள். நாளைக்குக் கழிய வேண்டிய பணத்தை இன்று ராத்திரி ரத்து செய்தால் சில சமயம் அந்த ஒரு தவணை போய்விடும். ஆகவே கழியும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கில் நேரடியாகப் பதிந்த ‘நாச்’ அனுமதியைக் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்த வேண்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.

அந்தக் கணக்குல பணமே இல்லாம வெச்சுட்டா போதாதா?

போதாது. ஆட்டோபே முதல் முயற்சியில் தோற்றால் இன்னும் மூன்று முறை முயலலாம். 2025 ஆகஸ்டிலிருந்து இந்த முயற்சிகள் காலை 10 மணிக்கு முன்போ, பகல் 1 முதல் 5 வரையோ, இரவு 9.30-க்குப் பிறகோதான் நடக்கும். பென்ஷன் ஏறிய அன்று விடியற்காலையிலேயே பணம் போயிருப்பது இதனால்தான்.

‘நாச்’ வகையில் பணம் இல்லாமல் திரும்பினால் வங்கியே ஒரு அபராதமும் ஜிஎஸ்டியும் பிடிக்கும். 199 ரூபாய் சந்தாவைத் தடுக்கப் போய் அதற்கு மேல் அபராதம் கட்டிய கணக்குகள் உண்டு. அதோடு உண்மையான கடனுக்கான தவணை இப்படித் திரும்பினால், 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி செக் பவுன்ஸ் போலவே வழக்காகவும் வாய்ப்புண்டு.

அம்மாகிட்ட இருக்கிறது பட்டன் போன். ரீசார்ஜ் பண்ண காசு மட்டும் கரையுது. ஆட்டோபேயே இல்லையே?

இது மதிப்புக் கூட்டுச் சேவை என்ற பழைய வகை. காலர் டியூன், கிரிக்கெட் ஸ்கோர், ராசிபலன், நகைச்சுவை என்று ஏதாவது ஒன்று சேர்ந்திருக்கும். யாருக்காவது போன் போடும்போது பாட்டு ஒலித்து, ‘இந்தப் பாட்டை வைக்க நட்சத்திரக் குறியை அழுத்துங்கள்’ என்று குரல் வரும். காது மந்தமானவர் ஏதோ அழுத்தச் சொல்கிறார்கள் என்று அழுத்திவிடுவார். இல்லையென்றால் திரையில் தானாக ஒரு செய்தி முளைக்கும். அதைப் போக்க ஓகே அழுத்த வேண்டும், அந்த ஓகேதான் சம்மதம்.

எந்த சிம்மாக இருந்தாலும் 155223 என்ற இலவச எண்ணுக்கு அந்த போனிலிருந்தே அழைத்து, ஓடும் சேவைகளைக் கேட்டு நிறுத்தலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையில் இட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சேவைக்கு வாடிக்கையாளரிடம் இரண்டு தடவை சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையிடம் ‘இரண்டாவது சம்மதத்தின் பதிவைக் காட்டுங்கள், இல்லையென்றால் கழித்ததைத் திருப்பிப் போடுங்கள்’ என்று கேட்டுப் புகார் எண் வாங்குங்கள். திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். 1909-ல் விளம்பர அழைப்புகளையும் நிறுத்திவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

வருஷா வருஷம் 436 ரூபாய் பிடிக்கறாங்க. நாங்க எழுதியே கொடுக்கலையே?

436 என்பது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் என்பது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. இரண்டுக்கும் மே கடைசி வாரத்தில் பணம் பிடிப்பார்கள். முதலில் வயதைப் பாருங்கள். ஆயுள் காப்பீட்டில் 50 வயது வரைதான் சேர முடியும், 55 வரைதான் காப்பு. விபத்துக் காப்பீடு 70 வரை. 68 வயதுக்காரர் கணக்கில் 436 கழிந்தால், அவர் செத்தாலும் கிடைக்காத காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறார் என்று அர்த்தம். கிளையில் பிறந்த தேதியைக் காட்டி, கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேளுங்கள். படிவம் இல்லையென்றால் பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும்.

வயது வரம்புக்குள் இருப்பவர்கள் கோபத்தில் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டை நிறுத்திவிட வேண்டாம். வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் காப்பு வேறெங்கும் கிடைக்காது. கேட்காமல் சேர்த்தது தப்பு, திட்டம் தப்பில்லை.

லாக்கர் கேட்கப் போனபோதோ ஃபிக்சட் டெபாசிட் போடும்போதோ தனியார் காப்பீடு ஒன்றில் கையெழுத்து வாங்கியிருந்தால், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போக மீதி வரும். புகாருக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் எண் 155255.

பேங்க்ல ‘நீங்கதானே பின் போட்டீங்க’ன்னு கையை விரிக்கறாங்க. பணம் திரும்பக் கிடைக்காதா?

கிடைக்க வழி உண்டு, ஆனால் கதவு வேறு. பின்னோ ஓடிபியோ பெரியவரே போட்டாரா, இல்லையா என்பதை முதலில் வீட்டிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பாதிப் புகார்கள் இங்கே குழம்பித்தான் தோற்கின்றன.

அவர் போடவே இல்லை, மூன்றாம் ஆள் யாரோ எடுத்துவிட்டார் என்றால் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை உங்கள் பக்கம். தகவல் வந்த நாளைச் சேர்க்காமல் 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் வங்கி பணத்தைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்தான் தப்பு செய்தார் என்று நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு. நாலு முதல் ஏழு நாளுக்குள் சொன்னால் ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்குக்கு 5,000 வரையும், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 வரையும் நஷ்டம் உங்கள் தலையில். கழிந்த தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகை முழுவதும். கவனியுங்கள்: கழிந்ததே 399 என்றால், மூன்று நாள் தாண்டினதும் அந்த 399 மொத்தமும் உங்களுடையதாகிவிடலாம். சின்னச் சின்னத் தொகையாக எடுப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

அவர்தான் பின் போட்டார், ஆனால் ஒரு ரூபாய்க்கு என்று நினைத்துப் போட்டார் என்றால் வங்கியோடு சண்டை போட்டுப் பயனில்லை. இது நுகர்வோர் சட்டத்தின் விஷயம். 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. ரத்து செய்வதைச் சிக்கலாக்குவது, இலவசம் என்று சொல்லிப் பணம் கொடுக்கும் விவரத்தை வாங்கிக்கொள்வது, ரத்து வழியை ஒளித்து வைப்பது எல்லாம் அதில் ‘சந்தாப் பொறி’ என்ற வகை. கேட்காமல் கூடையில் ஒன்றைச் சேர்ப்பதும் தனி வகை. மருந்து வாங்கும் பக்கத்தில் பில்லின் கடைசியில் ‘உறுப்பினர் திட்டம்’ என்று டிக் செய்யப்பட்டே வருவது இந்த இரண்டாவது.

அப்போ புகார்ல என்ன எழுதணும்?

பின் போட்டவர் ‘எனக்குத் தெரியாமல் திருடிவிட்டார்கள்’ என்று எழுதக் கூடாது. பதிவைப் பார்த்ததும் அது பொய்யாகிவிடும், மற்றதையும் நம்ப மாட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினாலே வலு. இப்படி:

‘__ தேதி 1 ரூபாய் செலுத்துவதற்காக மட்டும் பின் போட்டேன். மாதம் 399 ரூபாய் கழியும் என்பது அந்தத் திரையில் எனக்குப் புரியும்படி காட்டப்படவில்லை. __, __, __ தேதிகளில் மொத்தம் __ ரூபாய் கழிந்துள்ளது. இந்தக் காலத்தில் சேவையை நான் பயன்படுத்தவில்லை. மேண்டேட் எண் __. அதை __ தேதி ரத்து செய்துவிட்டேன். கழிந்த தொகை முழுவதையும் திருப்பித் தரவும். என் வயது 71.’

‘சேவையைப் பயன்படுத்தவில்லை’ என்ற வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கடைசியாக எப்போது செயலி திறக்கப்பட்டது என்பது நிறுவனத்திடம் இருக்கும். இதை முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பல நிறுவனங்கள் கடைசி ஒரு மாதத்தை மட்டும் திருப்பித் தருவதாகப் பேரம் பேசும். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிளே ஸ்டோர் வழியாகப் போன பணம் என்றால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே ரீஃபண்ட் கேட்பது எல்லாவற்றையும் விடச் சுலபம்.

1930-க்குப் போன் பண்ணணுமா, 1915-க்கா?

பின்னை யாரோ ஏமாற்றி வாங்கினார்கள், போனை யாரோ தூரத்திலிருந்து இயக்கினார்கள், முன்பின் தெரியாத ஆளுக்குப் பணம் போனது என்றால் 1930, உடனே. அது சைபர் குற்றப் பிரிவு; பணம் கைமாறுவதற்குள் முடக்குவதுதான் அவர்கள் வேலை, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். சந்தா ஏமாற்று என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். சின்னத் தொகைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே திரும்பிவிடும்.

அதிலும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். வங்கி மேல் புகார் என்றால் முதலில் வங்கிக்கு எழுதி, 30 நாளில் பதில் இல்லையென்றாலோ திருப்தியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். இணையம் தெரியாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். விவரம் கேட்க 14448.

ரீஃபண்ட் வாங்கித் தர்றோம்னு ஒருத்தர் போன் பண்றார். ரொம்ப மரியாதையா பேசறார்...

வைத்துவிடுங்கள். இதில்தான் 399 போன இடத்தில் 40,000 போகிறது. கூகுளில் ‘ரீஃபண்ட் கஸ்டமர் கேர்’ என்று தேடி, மேலே வரும் நம்பருக்கு அழைப்பவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். திரையைப் பகிரும் செயலி ஒன்றை ஏற்றச் சொல்வார், பிறகு ‘ரீஃபண்ட் வர பின் போடுங்கள்’ என்பார். பணம் வாங்க ஒருபோதும் பின் தேவையில்லை. நம்பரைச் செயலிக்குள்ளிருந்தோ கார்டின் பின்பக்கத்திலிருந்தோ மட்டும் எடுங்கள்.

கிரெடிட் கார்டுல ஏதோ வெளிநாட்டு கம்பெனி டாலர்ல எடுக்குது. ஓடிபியே வரலை.

வெளிநாட்டுத் தளங்களில் கார்டு எண்ணும் பின்பக்க மூன்று இலக்கமும் இருந்தாலே பணம் எடுத்துவிட முடிகிறது. வங்கி செயலியில் கார்டு பகுதியில் ‘இன்டர்நேஷனல்’ என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள். உள்ளூரில் கடையில் தேய்ப்பதற்கும் ஆன்லைனில் வாங்குவதற்கும் அதனால் எந்தத் தடையும் வராது. கழிந்த பணத்துக்கு வங்கியின் ‘டிஸ்ப்யூட்’ படிவத்தை அடுத்த பில் வரும்வரை காத்திராமல் உடனே கொடுங்கள். கார்டை மாற்றித் தரச் சொல்வதும் நல்லது.

அப்பாவுக்கு மறதி நோய். போனைப் பிடுங்கினா கோபம் வருது. என்ன பண்ணலாம்?

போனை விடுங்கள், கணக்கைப் பிரியுங்கள். பென்ஷன் வரும் கணக்கை யூபிஐயிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டாயிரம் மூவாயிரம் மட்டும் இருக்கும் தனிக் கணக்கு ஒன்றை யூபிஐயில் இணையுங்கள். டீக்கடையிலும் காய்கறி வண்டியிலும் அவர் ஸ்கேன் செய்துகொண்டே இருக்கலாம்; போனாலும் அந்தச் சின்னத் தொகைதான் போகும். பிளே ஸ்டோரில் சேமித்த பணம் கட்டும் வழிகளை நீக்கி, ஒவ்வொரு வாங்குதலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள்.

யூபிஐ சர்க்கிள் என்று ஒரு வசதி 2024-ல் வந்தது. அதில் அப்பா ஸ்கேன் செய்வார், ஒப்புதல் கேட்டு உங்கள் போனுக்கு வரும், நீங்கள் பின் போட்டால்தான் போகும். கணக்கு உங்களுடையது, அவருக்குப் பின் நம்பரே தெரிய வேண்டியதில்லை. நீங்கள் வேலையில் இருக்கும்போது அவர் கடையில் நின்று காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது இதன் குறை. முழு அனுமதி கொடுத்து மாதம் 15,000 வரை வரம்பு வைக்கும் இன்னொரு வகையும் உண்டு. மறதி உள்ளவருக்கு அது வேண்டாம்.

அப்பா போயிட்டார். ஆனா அவர் கணக்குல இன்னும் சந்தா கழியுது. அவர் பின் எனக்குத் தெரியும், நானே கேன்சல் பண்ணிடட்டுமா?

வேண்டாம். இறந்தவரின் பின்னைப் பயன்படுத்துவது நல்ல எண்ணத்தில் செய்தாலும் பின்னால் வாரிசுகளுக்குள் சிக்கலாகும். இறப்புச் சான்றிதழோடு கிளைக்குப் போய்க் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லா அனுமதியும் அதோடு நின்றுவிடும். அதற்கு முன்பு ஆட்டோபே பட்டியலை மட்டும் படம் எடுத்து வையுங்கள், அதைப் பார்க்கப் பின் நம்பர் தேவையில்லை.

இதைத் தள்ளிப்போடக் கூடாததற்கு இன்னொரு காரணம் உண்டு. இறந்த பிறகு ஏறிய பென்ஷனை அரசு திரும்பக் கேட்கும். அதற்குள் சந்தாவாகக் கழிந்துவிட்டால், குறைகிற தொகையை வாரிசுகளிடம்தான் வங்கி கேட்கும். தகவல் சொன்ன தேதியோடு முத்திரை வாங்கிய கடிதம் இருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு கழிந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கிதான் பதில் சொல்ல வேண்டும்.